ஹட்டனில் ஒரு வணிக உபாயப் பயிற்சிநெறி: கொடுத்த பணத்துக்குக் கிடைத்தது என்ன?

மலையகத்தின் சிறு, நடுத்தர முயற்சியாளர்களுக்கென்று கொழும்பைத் தளமாகக் கொண்ட முகாமைத்துவப் பயிற்சி நிறுவனமொன்று ஹட்டன் நகரில் வார இறுதிகளில் நடத்திவரும் ‘மாறும் உலகச் சூழலில் போட்டிக்கான வணிக உபாயம்’ என்ற பயிற்சிநெறியில் இந்த ஆண்டு கலந்துகொண்டேன். நிறுவனத்தின் பெயரை இங்கே தரவில்லை. வேறு நகரங்களிலும் ஏறத்தாழ இதே பாடத்திட்டத்தோடு வகுப்புகள் நடப்பதால், ஒன்றைப் பற்றிய மதிப்பீடு மற்றவற்றைத் தெரிவுசெய்வதற்கும் உதவும். சுருக்கமாகச் சொல்வதானால், உபாயம் வகுப்பதற்கான கருவிகளை இந்தப் பயிற்சிநெறி நன்றாகவே கற்பிக்கிறது. ஆனால் உலகின் எங்கோ நிகழும் ஒரு மாற்றம் எந்தெந்த வழிகளைக் கடந்து மலையகத்து வணிகரின் கணக்கேட்டில் வந்து விழுகிறது என்பதை அது காட்டுவதில்லை. தலைப்பின் முற்பாதியை நம்பிப் பணம் கட்டுகிறவருக்கு அந்தப் பாதிதான் குறைவாகக் கிடைக்கிறது.

கட்டணம் 18,000 ரூபாய். 2024ஆம் ஆண்டில் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட 1,350 ரூபாய் நாட்சம்பளத்தை வைத்துக் கணக்கிட்டால், ஒரு தோட்டத் தொழிலாளியின் பதின்மூன்று நாள் உழைப்புக்கு மேற்பட்ட தொகை அது. மலிவு என்று சொல்ல முடியாது. எனினும் கொழும்புக்குப் போய்த் தங்கிப் படிப்பதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் நியாயமானதே. மண்டபம் வசதியாக இருந்தது, மதிய உணவிலும் குறை சொல்ல ஏதுமில்லை. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் நடக்கும் வகுப்பில் இடைவேளைத் தேநீரை, சாயம் மட்டுமே இறங்கும் தூளில் போட்டுக் கொடுத்ததை மட்டும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வந்திருந்தவர்களில் கொழுந்து சேகரித்துத் தொழிற்சாலைக்கு வழங்குகிறவர், என்னைப் போலத் தூளை வாங்கிச் சிறு பொதிகளாக்கி விற்கிறவர்கள், எல்ல பகுதியில் விருந்தினர் விடுதி நடத்துகிறவர்கள், நுவரெலியாவிலிருந்து மரக்கறி அனுப்புகிறவர்கள், தையல் நிலையமும் தொலைபேசிக் கடையும் வைத்திருக்கிற இளைஞர்கள் என்று பல தரப்பினரும் இருந்தனர். விரிவுரை முழுவதும் தமிழில் நடந்தது. திரையில் காட்டப்பட்டவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தன.

முதற்பகுதியை நடத்திய வளவாளரைத் தயக்கமின்றிப் பாராட்டலாம். ஹார்வர்ட் வணிகக் கல்லூரியின் மைக்கல் போர்ட்டர் 1979ஆம் ஆண்டில் முன்வைத்த ஐந்து விசைகள் என்ற சட்டகத்தை அவர் எடுத்துக்கொண்டார். ஏற்கெனவே களத்தில் உள்ள போட்டியாளர், புதிதாக நுழையக்கூடியவர், மாற்றுப் பொருள், வாங்குவோரின் பேரம் பேசும் பலம், வழங்குவோரின் பேரம் பேசும் பலம் ஆகிய ஐந்தையும் பலகையில் வரைந்ததோடு நிறுத்திக்கொள்ளாமல், சிறு தோட்ட உரிமையாளர்களிடம் கொழுந்து வாங்கித் தூள் உற்பத்தி செய்யும் ஒரு தொழிற்சாலையை எடுத்துக்காட்டாக வைத்து, ஒவ்வொரு விசையையும் பங்கேற்பாளர்களைக் கொண்டே நிரப்பச் செய்தார். கொழுந்து வழங்குகிறவருக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்று கேட்டபோது, கொழுந்து சேகரிக்கும் நண்பர் எழுந்து, அடுத்த தொழிற்சாலையின் லொறி கிலோவுக்குச் சில ரூபாய் கூட்டிக் கொடுத்தால் மறுநாளே கொழுந்து அங்கே போய்விடும் என்றார். அந்த ஒரு பதில் பாடத்தை மண்ணில் ஊன்றியது.

அதன் பிறகு நடந்த உரையாடல்தான் முழுப் பயிற்சிநெறியிலும் மிகச் சிறந்த பகுதி. சிறு தோட்ட உரிமையாளருக்குக் கொழுந்து விலை தொழிற்சாலையின் விருப்பப்படி கொடுக்கப்படுவதில்லை; அந்தத் தொழிற்சாலையின் தூளுக்கு அந்த மாதம் கிடைத்த சராசரி விற்பனை விலையை அடிப்படையாகக் கொண்டு, 68 சதவீதம் கொழுந்து வழங்கியவருக்கும் 32 சதவீதம் உற்பத்தியாளருக்கும் என்ற விகிதத்தில் பகிரப்பட வேண்டும் என்ற ஒழுங்கு இருக்கிறது. ஆகவே விறகு, மின்சாரம், தொழிற்சாலைச் சம்பளம், பொதியிடல், போக்குவரத்து ஆகிய அத்தனையையும் உற்பத்தியாளர் அந்த 32 சதவீதத்துக்குள் அடக்கியாக வேண்டும். விலையைப் பகிர்வதற்குத்தான் சூத்திரம் இருக்கிறதே தவிர, செலவைப் பகிர்வதற்குச் சூத்திரம் ஏதும் இல்லை என்பதை வளவாளர் தெளிவாக எடுத்துக்காட்டினார். 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டபோது, கொழுந்தை வாட்டும் தொட்டிகளுக்குக் காற்றடிக்கும் விசிறிகளை இரவிரவாக ஓட்டுகிற தொழிற்சாலைகள் ஏன் தடுமாறின என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கேட்டதில்லை.

வாங்குவோர் பக்கத்துக்கு வந்தபோது பின்வரிசையிலிருந்து ஒருவர், “சேர், வெலைய நாம சொல்றதே இல்லையே, அப்ப எதுல போட்டி போடுறது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. 1883ஆம் ஆண்டிலிருந்து நடந்துவரும் கொழும்புத் தேயிலை ஏலத்துக்குத்தான் நமது தூளின் மிகப் பெரும் பகுதி போய்ச் சேர்கிறது. 2020 ஏப்ரலில் பெருந்தொற்றுக் காலத்தில் அது இணையவழிக்கு மாறிய பிறகும் விலையைச் சொல்வது வாங்குபவர்தான். போதிய விலை வரவில்லையென்றால் அந்தத் தொகுதியை விற்காமல் வைத்திருக்கலாம் என்றாலும், மாத முடிவில் கொழுந்துக்காரருக்குப் பணம் கொடுக்க வேண்டியிருப்பதால் நெடுநாள் காத்திருக்க எந்தச் சிறிய தொழிற்சாலைக்கும் இயலாது. வளவாளர் இதற்குக் கொடுத்த விடை முழுமையானதல்ல, ஆனாலும் பயனுள்ளது. ஏலத்தில் ஒவ்வொரு தொழிற்சாலையின் தூளும் ‘மார்க்’ எனப்படும் அதற்குரிய விற்பனைப் பெயரோடுதான் போகிறது. ஒரே உயரத்தில், ஒரே தரத்தில், பக்கத்துப் பக்கத்து மார்க்குகள் வேறு வேறு விலைக்குப் போவதற்குக் காரணம், வாரந்தோறும் மாறாத தரத்தை யார் தருகிறார் என்பதை வாங்குவோருக்காகத் தேநீரைச் சுவைத்துத் தரம் பார்க்கும் சுவைஞர்கள் நினைவில் வைத்திருப்பதே என்றார் அவர். விலையைச் சொல்ல முடியாதவருக்கும் சராசரியை உயர்த்திக்கொள்ள முடியும். அதற்கு முதற்படி, காலையில் எடுத்த கொழுந்தை நசுங்கவிடாமலும் வெந்துபோகவிடாமலும் கொண்டுவந்து சேர்ப்பது. உபாயம் என்பது கொழும்பு அலுவலகத்தில் மட்டும் வகுக்கப்படுவதில்லை என்பதை அந்த ஒரு மணி நேரத்தில் எல்லோரும் புரிந்துகொண்டோம்.

இடையில் ஒரு சிறு செய்தியையும் சொல்லிவிடுகிறேன், வகுப்பில் யாரும் சொல்லவில்லை. போர்ட்டர் உடனிருந்து நிறுவிய மொனிட்டர் என்ற ஆலோசனை நிறுவனமே 2012ஆம் ஆண்டு இறுதியில் வங்குரோத்துக்கு விண்ணப்பித்து, பின்னர் டெலொயிட் நிறுவனத்தின் கைக்குப் போனது. சட்டகம் பிழை என்பதற்காக இதைச் சொல்லவில்லை. சட்டகத்தை வேதமாக எடுத்துக்கொள்கிறவர்கள் இதையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

அடுத்து வந்த பொது உபாயங்கள் பற்றிய பாடத்தில் தொய்வு தொடங்கியது. குறைந்த செலவில் உற்பத்தி செய்து வெல்வது, வேறுபட்ட பொருளால் வெல்வது, ஒரு சிறு வட்டத்தை மட்டும் குறிவைத்து வெல்வது என்ற மூன்றையும் விளக்கிய வளவாளர், கென்யா முதலாவதைத் தெரிவுசெய்தது, நாம் இரண்டாவதைத் தெரிவுசெய்தோம் என்று முடித்துவிட்டார். மேலோட்டமாகப் பார்த்தால் சரிதான். கென்யாவின் உற்பத்தி 2023இல் 57 கோடி கிலோவை எட்டியது. அதில் மிகப் பெரும்பங்கு வெட்டிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. முறையில் ஆனது. நமது உற்பத்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கொழுந்தை உருட்டிச் செய்யும் மரபுவழியான ஓர்தடொக்ஸ் முறையில் ஆனது, கொழும்பு ஏலத்தின் சராசரி விலையும் கென்யாவின் மொம்பாசா ஏலச் சராசரியைவிட உயர்வானது. ஆனால் இதை நாம் தெரிவுசெய்த உபாயம் என்று அழைப்பது சற்று மிகைப்படுத்தல். 2013இல் 34 கோடி கிலோவைத் தொட்ட நமது உற்பத்தி, 2022இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவுக்கு இறங்கியதை எந்த உபாயத்தின் கீழ் வைப்பது? மேலும், இலங்கை முதலீட்டாளர்களே கென்யாவில் தோட்டங்களை வாங்கத் தொடங்கிவிட்டார்கள்: பிரவுன்ஸ் இன்வெஸ்ட்மன்ட்ஸ் 2023இல் ஜேம்ஸ் பின்லேயின் கென்யத் தோட்டங்களையும், 2024இல் லிப்டனின் கிழக்கு ஆபிரிக்கத் தோட்டங்களையும் வாங்குவதற்கு உடன்படிக்கை செய்துகொண்டது. நாம் ஒரு பக்கம், அவர்கள் மறுபக்கம் என்று பலகையில் கோடு கிழித்தால், நமது நாட்டின் மூலதனமே அந்தக் கோட்டைக் கடந்து போய்க்கொண்டிருப்பதைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்ல வேண்டாமா?

இதைவிடப் பெரிய குறை, இலங்கைத் தேயிலை என்பதை ஒரே வணிகமாக அவர் பேசியதுதான். 600 மீற்றருக்குக் கீழே விளையும் தாழ்நிலத் தேயிலைதான் நாட்டின் உற்பத்தியில் பாதிக்கு மேல்; பெரும்பாலும் சிறு தோட்ட உரிமையாளர்களால் காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கங்களில் உற்பத்தியாகும் அந்தப் பெரிய இலைத் தரங்களைத்தான் ஈராக், துருக்கி, ரஷ்யா முதலிய நாடுகள் விரும்பி வாங்குகின்றன. 1,200 மீற்றருக்கு மேலே, நாம் இருக்கும் உயரத்தில் விளைவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். அதன் மணமும் இளஞ்சாயமும் வேறு, பி.ஓ.பி., பி.ஓ.பி.எப். போன்ற அதன் உடைந்த சிறு இலைத் தரங்கள் வேறு, ஜப்பான், ஜேர்மனி போன்ற அதன் வாடிக்கையாளர்களும் வேறு. ஹட்டன் பக்கத்துத் திம்புள்ளைப் பிரதேசத்துக்குத் தை முதல் பங்குனி வரையும், ஊவாவுக்கு ஆடி முதல் புரட்டாதி வரையும் வரும் தரப் பருவங்களில்தான் நமது மார்க்குகள் தலைநிமிர்கின்றன. ஈரானின் மீது தடை விதிக்கப்பட்டால் முதலில் அடிபடுகிறவர் மாத்தறைக்காரர். தேயிலையில் தங்கும் இரசாயன எச்சத்துக்கான வரம்பை ஜப்பான் இறுக்கினால் முதலில் அடிபடுகிறவர் தலவாக்கலைக்காரர். ஹட்டனில் வந்து உபாயம் கற்பிக்கிறவர் இந்த வேறுபாட்டிலிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும்.

பாடத்துக்குத் தெரிவுசெய்த உதாரணக் கதைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இத்தகைய வகுப்புகள் எல்லாவற்றிலும் வரும் கொடாக்கும் நோக்கியாவும் இங்கும் வந்தன. 1975இல் தனது கூடத்திலேயே எண்முறைப் படக்கருவியை உருவாக்கிவிட்டு, 2012இல் வங்குரோத்தான கொடாக்கின் கதையில் படிப்பினை இல்லாமல் இல்லை. ஆனால் மண்டபத்தின் ஜன்னலைத் திறந்தால் தெரிகிற மலைகளே அதைவிடப் பெரிய பாடம். இந்த மலைகளில் முதலில் இருந்தது கோப்பி. 1869இல் இலைத்துரு நோய் காணப்பட்டு, அடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் அந்த வணிகம் சரிந்தது. கண்டிக்கு அருகே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டக்காரர் 1867இலேயே 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். ஆனால் தோட்ட முதலாளிகள் பலர் உடனே அதற்குத் தாவவில்லை. மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினா மருந்தின் மூலமான சிங்கோனா மரத்துக்குத்தான் முதலில் ஓடினார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் அதையே நட்டார்கள், ஜாவாவிலும் நட்டார்கள், பட்டையின் விலை விழுந்தது. அதற்குப் பிறகே தேயிலை மலை முழுவதும் பரவியது. நெருக்கடி வந்தபோது முதலில் கைக்குக் கிட்டிய மாற்றை எல்லோரும் சேர்ந்து பிடித்தால் என்னவாகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இருக்கிறதா? அந்த மாற்றங்கள் ஒவ்வொன்றுக்கும் உழைப்பைக் கொடுத்த மக்களின் வழித்தோன்றல்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்க, அவர்களுக்குப் பின்லாந்துக் கைத்தொலைபேசியின் கதை சொல்லப்பட்டது.

‘உலகச் சூழல்’ என்ற பகுதியை வேறொரு வளவாளர் நடத்தினார். அரசியல், பொருளாதாரம், சமூகம், தொழில்நுட்பம், சூழல், சட்டம் என்ற ஆறு தலைப்புகளின் கீழ் செய்திகளை வரிசையாக அடுக்கினார்: உக்ரேன் போர், செங்கடலில் கப்பல்கள் மீதான தாக்குதல்கள், அமெரிக்கத் தீர்வை, செயற்கை நுண்ணறிவு. செய்தித்தாள் படிக்கிற எவரும் அறிந்தவை. அதிலும் அமெரிக்கா இலங்கைப் பொருட்களுக்கு 44 சதவீதத் தீர்வை விதித்துள்ளதாகத் திரையில் காட்டப்பட்டது. அது 2025 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட எண். ஜூலையில் 30 ஆகக் குறைந்து, ஆகஸ்டில் 20 சதவீதமாக நடைமுறைக்கு வந்து, நவம்பரில் தேயிலை அந்த மேலதிகத் தீர்வையிலிருந்து விலக்கப்பட்டது. மாறும் சூழலைப் பற்றிய பாடத்திலேயே சூழல் மாறியது தெரியாமல் இருப்பதைச் சாதாரணக் கவனக்குறைவாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

எனது குறை திரையில் இருந்த எண்ணைப் பற்றியது மட்டுமல்ல. ஒரு மாற்றம் எப்படிப் பயணம் செய்கிறது என்பதை ஒரு தடவையாவது தொடக்கம் முதல் முடிவு வரை பின்தொடர்ந்து காட்டியிருக்கலாம். 2015இல் கிளைபொசேட் களைக்கொல்லி இலங்கையில் தடைசெய்யப்பட்டது. களை நிற்கவில்லை, களை எடுக்க ஆளும் கிடைக்கவில்லை. தோட்டங்கள் வேறு இரசாயனங்களுக்குப் போயின. அவற்றில் ஒன்றான எம்.சி.பி.ஏ.யின் எச்சம் ஜப்பான் அனுமதிக்கும் மிகக் குறைந்த வரம்பைத் தாண்டியபோது, உயர்நிலத் தேயிலையை நல்ல விலைக்கு வாங்கிவந்த சந்தையே தயங்கத் தொடங்கியது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. கொழும்பில் எடுக்கப்பட்ட ஒரு முடிவு தோட்டத்துக் களைக்குப் போய், அங்கிருந்து ஜப்பானின் ஆய்வுகூடத்துக்குப் போய், அங்கிருந்து ஏல விலையாகத் திரும்பி வந்தது. இன்னொன்று 2017 டிசம்பரில் நடந்தது: ஒரு கப்பல் சரக்கில், சேமித்த தானியங்களைத் தாக்கும் கப்ரா வண்டு காணப்பட்டதாகக் கூறி ரஷ்யா நமது தேயிலையை நிறுத்திவைத்தது, மாத இறுதிக்குள் தடை நீங்கியது. அதே நாட்களில் ரஷ்யாவிலிருந்தும் இறக்குமதியாகும், கூரைத் தகடு செய்யப் பயன்படும் கல்நார் (அஸ்பெஸ்டஸ்) மீது இலங்கை கொண்டுவரவிருந்த கட்டுப்பாடு பின்போடப்பட்டது. கூரைத் தகட்டுக்கும் தேயிலைத் தூளுக்கும் ஒரே மேசையில் பேரம் நடக்கக்கூடும் என்பதைச் சிறு வணிகர் அறிந்திருந்தால், ஒரே நாட்டை நம்பி ஒப்பந்தம் போடுமுன் ஒரு முறை யோசிப்பார்.

2021இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்ததும், அந்த ஆண்டு முடிவதற்குள் அது கைவிடப்பட்டதும், விளைச்சல் வீழ்ச்சி அடுத்த ஆண்டுக் கணக்கில் தெரிந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்துக்குள் 350 ரூபாயைத் தாண்டியதால், குறைந்த தூளுக்கு ரூபாயில் கூடிய விலை கிடைத்தது. அந்த உயர்ந்த விலையைப் பார்த்துத் தங்கள் உபாயம் வென்றுவிட்டதாக நம்பியவர்கள் உண்டு. நாணயம் விழுந்தது, அவ்வளவுதான். இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவது ஓர் உபாய வகுப்பின் கடமை. டொலரில் பார்த்தால் என்ன, ரூபாயில் பார்த்தால் என்ன, ஒரு கிலோவுக்கு ஆன விறகையும் மின்சாரத்தையும் கழித்த பிறகு என்ன என்று மூன்று நிரல்களில் ஒரு கணக்கைப் போட்டிருந்தாலே போதும். பயிற்சிநெறி முழுவதிலும் அப்படியொரு கணக்கு போடப்படவில்லை.

டித்வா புயலைப் பற்றியும் கையேட்டில் ஒரு வரி இல்லை. 2025 நவம்பர் இறுதியில் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மண்சரிவு என்ன செய்தது என்பது அந்த மண்டபத்தில் இருந்தவர்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மரக்கறி அனுப்பும் ஒருவர், பாதை அடைபட்டால் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கலாம் என்பதும் உபாயத்தில் சேருமா என்று கேட்டார். அது இடர் முகாமைத்துவம், வேறு பாடநெறி என்று பதில் வந்தது. நுவரெலியாவின் லீக்ஸும் கரட்டும் கெட்டுப்போவதற்கு எடுக்கும் நேரத்தை நினைத்தால், அவருக்கு அதைவிட முக்கியமான உபாயக் கேள்வி வேறு இருக்க முடியாது.

வணிகப் பெயரை வளர்ப்பது பற்றிய பகுதி நடுத்தரமானது. தூளை ஏலத்துக்கு மொத்தமாக அனுப்பாமல் இங்கேயே பொதியிட்டுச் சொந்தப் பெயரில் உலகச் சந்தைக்குக் கொண்டுபோன டில்மாவையும், 2023இல் காலமான அதன் நிறுவுநர் மெரில் ஜே. பெர்னாண்டோவையும் வளவாளர் மரியாதையோடு எடுத்துக்காட்டினார். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, 1890இல் வந்து ஹப்புத்தளைப் பக்கம் தோட்டங்களை மலிவாக வாங்கி, இடைத்தரகரைத் தவிர்த்துப் பிரித்தானியாவிலிருந்த தனது கடைகளிலேயே தூளை விற்ற தோமஸ் லிப்டனையும் சேர்த்துப் பேசியிருந்தால் ஒப்பீடு முழுமை பெற்றிருக்கும். விளைகிற இடமும் விற்கிற இடமும் ஒரே கையில் இருந்தால் இலாபம் எங்கே தங்கும் என்ற கேள்வி இருவருக்கும் பொது. என்னைப் போன்ற சிறு பொதியாளர்களுக்குப் பயன்பட்டது, இலங்கை தேயிலைச் சபைக்கு உரிமையான சிங்கச் சின்னத்தைப் பற்றிய விளக்கம்: முழுக்க இலங்கைத் தேயிலையாகவும் இங்கேயே பொதியிடப்பட்டதாகவும் சபையின் தர நிபந்தனைகளுக்கு உட்பட்டதாகவும் இருந்தால்தான் அதைப் பயன்படுத்த அனுமதி கிடைக்கும். கையால் சுருட்டிச் சிறு அளவில் தேயிலை செய்து, விருந்தினர்களையும் தங்கவைக்கும் ஊவாவின் அம்பா தோட்டத்தைப் போன்ற முயற்சிகள், மூன்றாவது உபாயமான சிறு வட்டத்துக்கு நல்ல உதாரணங்களாக இருந்திருக்கும். அந்தப் பக்கத்தை அவர் தொடவேயில்லை.

இணையவழிச் சந்தைப்படுத்தல் பற்றிப் பேசிய நேரம் வீண். படம் எடுப்பது எப்படி, பதிவிடுவது எப்போது என்பவை உபாயமல்ல. விடுதி நடத்துகிறவர்கள் கேட்க விரும்பியது வேறு: முன்பதிவுத் தளங்கள் 15 சதவீதமோ அதற்கு மேலோ தரகு எடுத்துக்கொள்ளும் நிலையில், திரும்பி வரும் விருந்தினரை நேரடியாகப் பெறுவது எப்படி, தளத்திலிருந்து விலகினால் எவ்வளவு இழப்பு என்பது. முதல் பகுதியில் கற்ற வாங்குவோரின் பலம் என்ற கருவியை இங்கே பொருத்திக் காட்ட அருமையான வாய்ப்பு இருந்தது. வளவாளர்கள் ஒருவர் வகுப்பை மற்றவர் பார்ப்பதில்லை போலும்.

கையேடு தமிழில் தரப்படுகிறது என்பது பாராட்டத்தக்கது. எனினும் பல பக்கங்கள் இயந்திரத்தால் பெயர்க்கப்பட்டவை போல வாசிக்க முடியாதவையாக இருக்கின்றன. வரைபடங்கள் தெளிவு. நிதிக் கணக்கு பற்றிய அத்தியாயம் மிகச் சிறியது. சான்றிதழ் வழங்கும் வைபவத்துக்குச் செலவிட்ட நேரத்தில் பாதியையாவது அதற்குக் கொடுத்திருக்கலாம். வகுப்பு முடிந்த பிறகு ஐயம் கேட்பதற்கு வட்ஸ்அப் குழு ஒன்று இருக்கிறது. முதற்பகுதியின் வளவாளர் அதில் பொறுமையாகப் பதில் எழுதுகிறார், மற்றவரை அங்கே காணவில்லை.

யார் போகலாம்? வணிகத்தை ஓரளவு நடத்திக்கொண்டிருந்து, ஆனால் அதை ஒரு படி விலகி நின்று பார்க்கும் பழக்கம் இல்லாதவர்களுக்கு, முதற்பகுதி ஒன்றுக்காகவே கட்டணத்தில் பெரும்பங்கு தகும். உயர்தரத்தில் வணிகக் கற்கை படித்தவர்களுக்குக் கோட்பாட்டில் புதிதாக ஒன்றும் கிடைக்காது. தொழிற்சாலை பற்றிய அந்த உரையாடல் மட்டும் கிடைக்கும். ஏற்றுமதிக்குப் போக நினைக்கிறவர்கள் இந்த வகுப்பை நம்பக் கூடாது. பதிவு, தர நிபந்தனைகள், வெளிநாட்டு எச்ச வரம்புகள் பற்றி அவர்கள் தேயிலைச் சபையிடமும், தலவாக்கலை சென் கூம்ஸில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்திடமும் நேரடியாகக் கேட்டறிவது மேல். ஐந்துக்கு மூன்று என்று மதிப்பிடுகிறேன். முதற்பகுதியை மட்டும் தனியாக விற்றால் நான்கரை கொடுப்பேன்.

அடுத்த அணிக்குப் பெயர் கொடுக்க இருப்பவர்கள், பணத்தைக் கட்டுமுன் கால அட்டவணையைக் கேட்டு வாங்கி, எந்த வளவாளர் எத்தனை மணி நேரம் நடத்துகிறார் என்பதைப் பார்க்கவும். தொகையை இரண்டு தவணைகளில் கட்டுவதற்கு நிறுவனம் அனுமதிக்கிறது, கேட்டால்தான் சொல்கிறார்கள். சொந்தத் தொழிலின் கடந்த ஓர் ஆண்டு வரவுசெலவை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போகிறவர், ஐந்து விசைகளின் பயிற்சியில் தனது தொழிலையே எடுத்துக்காட்டாக வைக்குமாறு கேட்கலாம். வளவாளர் அதற்கு மறுப்புச் சொல்வதில்லை.